ஆடு மாட்டை உயிரோடு விட்டதற்கா சவுலின் ராஜ்யம் போனது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே கம்பெனியில் பதினெட்டு வருஷம், வயது 46, நீங்களே பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்த பையன் போன ஏப்ரலில் உங்களுக்கு மேனேஜராக வந்துவிட்டான். மனசு ஆறவில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று சபையில் ஒருவரிடம் போய்ச் சொன்னதற்கு, "உங்களுக்குள்ள சவுலோட ஆவி இருக்கு பிரதர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கதை வருகிற 1 சாமுவேல் புத்தகத்தை முழுக்கப் படித்தீர்கள், சமாதானத்துக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. சவுல் ஒரு பலியைக் கொஞ்சம் முந்திச் செலுத்தினான், கொஞ்சம் ஆடுமாட்டை உயிரோடு விட்டான், அவ்வளவுதான். அவனுக்குப் பின் ராஜாவான தாவீது அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டு அவனையும் சாகடித்தான். சவுலைத் தள்ளிவிட்டுத் தாவீதை வைத்துக்கொள்வது என்ன நியாயம்? நீங்கள் எழுதிய கேள்வி இது. எழுதாத கேள்வி ஒன்றும் அதற்கு அடியில் இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது: அப்படியானால் என்னையும் தள்ளியாகிவிட்டதா என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் போதகர் இல்லை. செராம்பூரின் இறையியல் பட்டமான பி.டி. முடித்துவிட்டு, குருப்பட்டத்துக்குப் போகாமல் பள்ளிக்கூட வேலைக்குப் போனவன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக லிங்கராஜபுரம், டேனரி ரோடு பக்கம் தமிழ் வீட்டுக் கூட்டங்களில் வேதபாடம் எடுக்கிறேன். எபிரெயம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிக்கிற அளவுக்கு வரும். அந்தத் தகுதியில் பேசுவதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கங்களில் சவுல் வந்தாலே வில்லன் மாதிரிதான் வருகிறான், ஆனால் 9ஆம் அதிகாரத்தில் அவன் அப்படி வரவில்லை. அப்பா கீஸின் கழுதைகள் காணாமல் போய்விட்டன, தேடி அலைகிறான். கிடைக்கவில்லை என்றதும், அப்பா கழுதைகளை விட்டுவிட்டு இப்போது நம்மை நினைத்துக் கவலைப்படுவார், திரும்பிவிடலாம் என்று கூட வந்த வேலைக்காரனிடம் சொல்கிறான். ராஜாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று சிலர் "இவனா நம்மை ரட்சிக்கப்போகிறவன்" என்று இளக்காரம் பேசியபோது, "காது கேளாதவன்போல இருந்தான்" என்கிறது 10:27. யாபேஸ் ஊர்க்காரர்களின் வலது கண்களைப் பிடுங்கினால்தான் உடன்படிக்கை என்று கொக்கரித்த அம்மோனியன் நாகாசை முறியடித்த அன்று, முன்பு இளக்காரம் பேசியவர்களை வெட்டிவிடலாம் என்று ஜனங்கள் கிளம்ப, இன்றைக்கு ஒருவரையும் கொல்லக்கூடாது என்று தடுத்தவனும் இதே சவுல்தான். அவமானத்தை விழுங்கத் தெரிந்த ஆளாகத்தான் ஆரம்பிக்கிறான். அதனால் 'சவுலின் ஆவி' என்று ஏதோ பிறவிக்குணம் மாதிரி, தொற்றுநோய் மாதிரி பேசுவதற்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை, இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

உறுதியில்லாதவையும் இருக்கின்றன. நம் கையில் இருப்பது தாவீதின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட வரலாறு. சவுலின் வீட்டார் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வதை லேசில் ஒதுக்க முடியாது. காலக்கணக்குகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. எபிரெய மூலத்தில் 13:1ஐ அப்படியே படித்தால் சவுல் ஒரு வயதில் ராஜாவாகி இரண்டு வருஷம் ஆண்டான் என்று வரும், எண் எங்கேயோ விழுந்துபோயிருக்கிறது, நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் அதை எப்படியோ வளைத்துச் சமாளித்திருக்கிறது, அப்போஸ்தலர் 13:21க்கு வந்தால் நாற்பது வருஷம் என்கிறது. ஆனால் தாவீதின் பக்கம் சாய்ந்த அதே புத்தகம் தாவீதின் அசிங்கத்தையும் சவுலின் நல்ல நாட்களையும் மறைக்காமல் வைத்திருக்கிறது பாருங்கள், அதனால்தான் இதை நம்பி உட்கார்ந்து யோசிக்க முடிகிறது.

சரி, அந்தப் பலி. கில்காலில் ஏழு நாள் காத்திரு, நான் வந்து என்ன செய்வதென்று சொல்கிறேன் என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியிருந்தார். எதிரே பெலிஸ்தர் கடற்கரை மணல் மாதிரி வந்து இறங்கியிருக்கிறார்கள், சவுலிடம் இருந்த மூவாயிரம் பேர் குகையிலும் கிணற்றிலும் போய் ஒளிகிறார்கள், கடைசியில் எண்ணிப்பார்த்தால் அறுநூறு பேர். ஏழு நாள் ஆயிற்று, சாமுவேல் வரவில்லை, சவுல் தானே பலியைச் செலுத்திவிட்டான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, சவுல் ஆசாரியன் இல்லை, அதனால் அது பாவம் என்று. இந்த விளக்கம் நிற்காது என்பது என் எண்ணம், ஏனென்றால் தாவீதும் பலி செலுத்தியதாக 2 சாமுவேல் 6 சொல்கிறது, சாலொமோனும் செலுத்தினான், அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த 13ஆம் அதிகாரத்தில் எனக்குச் சவுல் மேல் இரக்கம்தான் வருகிறது. "நான் துணிந்து" பலியிட்டேன் என்று தமிழில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் வரும் வினை, அண்ணன்மார் முன்னால் யோசேப்பு அழுகையை அடக்கிக்கொள்ள முடியாமல் போனான் என்கிற இடத்தில் வருகிற அதே வினை. மனசு ஒப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன் என்கிற தொனி. இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் வைத்து அவனைக் குற்றவாளி ஆக்கச் சொன்னால் நான் தயங்குவேன்.

15ஆம் அதிகாரத்தில் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. அதற்கு முன்னால் ஒன்று: எதிரி ஜனமான அமலேக்கியரை ஸ்திரீகள், குழந்தைகள் உட்பட அழித்துப்போடு என்று சாமுவேல் வழியாக வந்த கட்டளையை என்னால் நியாயப்படுத்த முடியாது, யாராவது சுலபமாக நியாயப்படுத்தினால் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைய யுத்தப் பேச்சு வழக்கில் இப்படி முழு அழிவாகப் பெருக்கிச் சொல்வது உண்டு என்பார்கள். அதே புத்தகத்தில் 27ஆம் அதிகாரத்தில் அமலேக்கியர் மறுபடியும் வருவதையும், 30இல் ஊரைக் கொளுத்துவதையும் பார்த்தால் அதில் உண்மை இருக்கலாம். ஆனால் சவுல் அவர்களை இரக்கத்தால் விடவில்லை, இதைக் கவனியுங்கள். மனசு கேட்காமல் ஒரு குழந்தையை விட்டிருந்தால் நான் அவன் பக்கம் நின்றிருப்பேன். அவன் விட்டது ராஜா ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும்; அற்பமானதையும் உதவாததையும் மட்டும் அழித்தார்கள் என்று 15:9 சொல்கிறது. அப்புறம் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான்.

சில வருஷம் முன்னால் டேனரி ரோட்டில் ஒரு மாடி வீட்டில் இந்த அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். பக்ரீத்துக்கு முந்தின வாரம். கீழே சந்து முழுக்க ஆடு கட்டியிருந்தார்கள், வாசலில் தழையும் புழுக்கையும், படியேறும்போதே செருப்பில் ஒட்டியது. தன்னிடம் வந்த சாமுவேலைப் பார்த்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சவுல் சொல்கிற வசனத்தை ஒரு அம்மா வாசித்தார். அடுத்த வசனத்துக்கு அவர் மூச்சு எடுப்பதற்குள் கீழேயிருந்து ஒரு கிடா 'மே' என்று நீளமாக இழுத்தது. அடுத்த வசனம், "அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன" என்று சாமுவேல் கேட்பது. கூடம் முழுக்கச் சிரித்தது, அந்த அம்மாவுக்கு வாசிக்கவே முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவரவருக்கு அவரவர் ஆடு ஞாபகம் வந்திருக்கும்.

சாமுவேலுக்குச் சவுல் சொல்லும் பதிலை மெதுவாகப் படியுங்கள். ஆடுகளை அமலேக்கியரிடத்திலிருந்து கொண்டு*வந்தார்கள்*, *ஜனங்கள்* நல்லவைகளைத் தப்பவைத்தார்கள், மற்றவைகளை அழித்துப்போட்*டோம்*. தப்பு நடந்த இடத்தில் 'அவர்கள்', கட்டளை நிறைவேறிய இடத்தில் 'நாங்கள்'. இது மொழிபெயர்ப்பில் வந்த தற்செயல் இல்லை, எபிரெயத்திலும் இப்படித்தான். அதோடு "உம்முடைய தேவனாகிய கர்த்தருக்குப்" பலியிடத்தான் என்கிறான், என்னுடைய தேவன் என்றோ நம்முடைய தேவன் என்றோ அந்த வாய்க்கு வரவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு நான் ஒரு சபையில் செயலாளராக இருந்த காலம்தான் வரும். பிள்ளைகளுக்கு ஒரு ஹால் கட்டினோம். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்காமல் தெரிந்த ஒருவருக்கே வேலையைத் தூக்கிக்கொடுத்தது நான்தான். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து "நாங்கள் இராப்பகலாக நின்று கட்டினோம்" என்று பேசினேன், கல்வெட்டில் பேரும் வந்தது. முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் என் வாயில் வந்தது "அது கமிட்டி எடுத்த முடிவுங்க". பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, சத்தமாகக்கூட இல்லை, "கல்லுல உன் பேர்தானே இருக்கு தம்பி" என்றார். அன்று எனக்கு அந்தப் பாட்டி மேல்தான் கோபம் வந்ததே தவிர என் மேல் வரவில்லை. அவர்தான் சாமுவேல் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று, புரிந்தபோது அவர் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சவுலும் "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்னான், தாவீதும் சொன்னான், எபிரெயத்தில் ஒரே சொல்தான். ஆனால் 15:30இல் சவுல் அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் கேட்பது, என் ஜனத்தின் மூப்பர் முன்னாலும் இஸ்ரவேல் முன்னாலும் என்னைக் கனம்பண்ணும், என்னோடு திரும்பி வாரும் என்று. மன்னிப்பு வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை, வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாம். தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது வந்த பதிலில் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத் தாவீதைப் புனிதனாக்க வேண்டாம். பத்சேபாள் விஷயத்தில் அவன் சவுலைவிட மோசமாக ஒளிந்தான், அவள் புருஷன் உரியாவைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினான், நாத்தான் வரும்போது குழந்தையே பிறந்தாயிற்று. அவனைச் சும்மாவும் விடவில்லை. குழந்தை இறந்தது, பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்கிற சொல் அம்னோனிலும் அப்சலோமிலும் பலித்தது. பாவத்தின் எடையைத் தராசில் வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்குச் சரி, தாவீதின் தட்டுதான் தாழும். ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்ட நிமிஷத்தில் ஒருவன் வெளியே வந்தான், இன்னொருவன் ஜனங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கர்த்தர் தேடிக்கொண்டவனைப் பற்றி 13:14இல் வருகிற 'தம்முடைய இருதயத்துக்கு ஏற்ற மனுஷன்' என்பதைத் தாவீதின் குணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டுதான் நமக்குக் குழப்பம் வருகிறது. எபிரெயத் தொடரை 'தம் மனதுப்படித் தேர்ந்துகொண்ட ஒருவன்' என்றும் படிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முடிந்த விவாதம் இல்லை, ஆனால் எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும்.

சவுலிடம் எனக்குத் தெரிகிற ஒரே இழை இந்த ஒளிதல்தான். ஜனங்களெல்லாம் அவன் தோளுக்குக் கீழே வருகிற உயரம், அந்த உயரத்தை வைத்துக்கொண்டு, ராஜாவாகக் கூப்பிட்ட அன்று தளவாடங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறான். அன்றைக்கு அது பார்க்க அழகாகக்கூட இருந்தது, பையனுக்கு எவ்வளவு அடக்கம் என்று சொல்லியிருப்பார்கள். பின்னால் ஜனங்களுக்குப் பின்னால் ஒளிகிறான், பலிக்குப் பின்னால் ஒளிகிறான், கடைசி ராத்திரி எந்தோர் என்கிற ஊரில், செத்தவர்களை எழுப்பிக் குறிகேட்கிற, அஞ்சனம் பார்க்கிற பெண்ணிடம் மாறுவேஷம் போட்டுக்கொண்டு போகிறான். "உம்முடைய பார்வைக்கு நீர் சிறியவராயிருந்தபோது" என்று 15:17இல் சாமுவேல் சொல்வதைப் பாராட்டாகத்தான் எல்லோரும் பிரசங்கம் பண்ணுகிறார்கள். தன்னைச் சிறியவனாகப் பார்ப்பது எப்போதும் தாழ்மையாக இருக்க வேண்டியதில்லை, ஊர் கண்ணில் பெரிதாகத் தெரிந்தாக வேண்டும் என்கிற பசியும் அதற்குள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு, வசனம் அப்படியே சொல்லவில்லை.

பொறாமைக்கு வருவோம், உங்களை நோகடித்தது அதுதானே. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் தெருவில் பாடினால் எந்த ராஜாவுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எரிச்சல் வந்ததை வைத்து யாரையும் சவுல் என்று சொல்லக்கூடாது. அதே அரண்மனையில் தாவீதால் அதிகம் இழக்கப்போகிறவன் சவுலின் மகன் யோனத்தான், சிங்காசனமே போகிறது, அவனுக்குள் என்ன ஓடியது என்று புத்தகம் சொல்லவில்லை, சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கழற்றித் தாவீதிடம் கொடுத்தான் என்று மட்டும் சொல்கிறது. நீங்கள் உடனே யோனத்தான் ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது ஒரு நாளில் நடக்கிற காரியமும் இல்லை. சவுல் விஷயத்தில் எரிச்சல் எப்போது விஷமாகிறது என்று பார்த்தால், தனக்கு உண்மை சொல்கிறவர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கத்திலிருந்து அகற்ற ஆரம்பிக்கும்போது. தாவீது உமக்கு என்ன கெடுதல் செய்தான் என்று கேட்ட சொந்த மகன் மேலேயே ஈட்டியை எறிந்தான். தாவீதுக்கு அப்பம் கொடுத்த ஆசாரியன் அகிமெலேக்கு, உமது ஊழியரில் தாவீதைப்போல உண்மையுள்ளவன் யார் என்று முகத்துக்கு நேராகக் கேட்டான். அன்றைக்கே நோப் ஊர் ஆசாரியர்கள் எண்பத்தைந்து பேர் செத்தார்கள். சவுலின் சொந்தச் சேவகர்கள் கை ஓங்க மறுத்துவிட்டார்கள், ஏதோமியன் தோவேக்கு வெட்டினான். உங்கள் வீட்டில் யாராவது "இதை விடுங்களேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். சபையில் போய் உங்கள் எரிச்சலைச் சொல்லி ஜெபம் கேட்டீர்கள் பாருங்கள், சவுல் கடைசிவரை செய்யாதது அதுதான்.

16ஆம் அதிகாரத்தில் வருகிற பொல்லாத ஆவியைப் பற்றி உங்களுக்குப் பயம் காட்டியிருக்கிறார்கள். அது என்ன என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது; மனச்சோர்வு என்று சிலர் சொல்வார்கள், மூவாயிரம் வருஷம் முந்தின ஒருவருக்கு இங்கேயிருந்து மருத்துவச் சீட்டு எழுத நான் தயாரில்லை. அவனுடைய ஊழியர்கள் சொன்ன வைத்தியம் சுரமண்டலம் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூட்டிவருவது, அது கொஞ்ச நாள் வேலையும் செய்தது. ராத்திரி தூக்கமே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது வாரக்கணக்கில் நீடித்தால் தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்கள், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, வெளிநோயாளிப் பிரிவுக்கு நேரே போகலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைச்சல் இல்லை.

கடைசியாக அந்த எழுதாத கேள்வி. 15:23ஐ முழுசாகப் படித்தால் "ராஜாவாயிராதபடிக்கு" புறக்கணித்துத் தள்ளினார் என்றுதான் இருக்கிறது. போனது பதவி. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அவன் ராஜாவாகவே இருந்தான், தாவீது இரண்டு தடவை கையில் கிடைத்த அவனைக் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்று சொல்லிவிட்டு விலகிப்போனான். சவுலின் ஆத்துமா என்ன ஆயிற்று என்று புத்தகம் தீர்ப்பு எழுதவில்லை. எந்தோரில், அந்தப் பெண் எழும்பிவரச் செய்த, ஏற்கெனவே செத்துப்போயிருந்த சாமுவேல், நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்று சொன்னதை வைத்துச் சிலர் நம்பிக்கை கொள்கிறார்கள். செத்துப்போவாய் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இருக்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி நடந்த ஒன்றை யாரும் பிரசங்கத்தில் சொல்வதே இல்லை. பகலெல்லாம், ராத்திரியெல்லாம் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடந்தவனைப் பார்த்து, அவன் துரத்தியடித்த தொழிலைச் செய்த அந்தப் பெண்மணி, கொஞ்சம் சாப்பிடும் என்று கெஞ்சி, வீட்டில் இருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டுக் கொடுத்தாள். அவன் முதலில் மாட்டேன் என்றான், அப்புறம் தரையிலிருந்து எழுந்து கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் கில்போவா மலையில் செத்தான், பெலிஸ்தர் அவன் உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு யாபேஸ் ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க நடந்துபோய், உடலை இறக்கிக்கொண்டு வந்து எரித்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தங்கள் கண்ணைக் காப்பாற்றினவனை அந்த ஊர் மறக்கவில்லை. ரொம்பக் காலம் கழித்துத் தாவீது அந்த எலும்புகளை எடுத்துவரச் செய்து, கீஸின் கல்லறையில் வைத்தான், 2 சாமுவேல் 21இல் இருக்கிறது. கழுதை தேடப் போகச் சொன்ன அதே அப்பா கீஸ்தான். அந்த அதிகாரத்தில் ரிஸ்பாள் என்று ஒரு அம்மா வருகிறாள், சவுலின் மறுமனையாட்டி, அவளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இன்றைக்கு வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு இப்போதும் அதே மாடி வீட்டில்தான் கூடுகிறோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் வருவது பாடுதான், வர முடிந்தால் ஒருவரி எழுதுங்கள், வழி அனுப்புகிறேன்.